உப்பின் கணக்கும் அழுத்தத்தின் விலையும்

சிறுநீரகம் செயலிழந்த ஆறு நோயாளிகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு பேருக்கும் பல ஆண்டுகளாகக் கடுமையான இரத்த அழுத்தம் இருந்தது. சிறுநீரகங்களைத் தேய்த்து அழித்ததும் அதுதான். பழைய சிறுநீரகங்களை அகற்றிவிட்டு, அழுத்த நோய் இல்லாதவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தை அவர்களுக்குப் பொருத்தினார்கள். சராசரியாக நாலரை ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, ஆறு பேருக்கும் அழுத்தம் மருந்தே இல்லாமல் இயல்பாக இருந்தது. இதயம் பழையது, தமனிகள் பழையவை, மூளையும் நரம்புகளும் பழையவை. மாறியது ஓர் உறுப்பு மட்டும். இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே லூயிஸ் டால் எலிகளில் இதைக் காட்டியிருந்தார். உப்புத் தின்றால் அழுத்தம் ஏறும் எலி இனத்தின் சிறுநீரகத்தை, ஏறாத இனத்து எலிக்குப் பொருத்தினால் அதற்கும் ஏறியது; மாற்றிப் பொருத்தினால் இறங்கியது. சிறுநீரகம் போகும் இடத்துக்கு அழுத்தமும் கூடவே போயிற்று. வடிகட்டும் உறுப்பு என்று பள்ளியில் படித்த சிறுநீரகம், உடல் முழுவதற்குமான அழுத்தத்தை எப்படித் தீர்மானிக்கிறது? அதன் ஹார்மோன்களால் என்பது வழக்கமான பதில். பதில் சரிதான்; ஆனால் அந்த ஹார்மோன்களை 'அழுத்தத்தை ஏற்றும் பொருள்கள்' என்று புரிந்துகொள்வதில்தான் பிழை நுழைகிறது. அவை உப்பைக் காக்கப் பிறந்தவை. அழுத்தம், அந்தக் காவலுக்கு உடல் கொடுக்கும் விலை. இப்படிப் பார்த்தால், ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் பல சான்றுகள் ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறுநீரகத்துக்கும் அழுத்தத்துக்கும் உறவு உண்டு என்ற சந்தேகம் பழையது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், சுருங்கிய சிறுநீரகத்தோடு இறந்தவர்களின் இதயச் சுவர் தடித்திருப்பதை 1836இலேயே குறித்துவைத்தார். அன்று நோயாளியின் அழுத்தத்தைச் சரியாக அளக்கக் கருவிகூட இல்லை. 1898இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், ஃபின்லாந்து நாட்டவரான ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும், முயலின் சிறுநீரகத்தை அரைத்துப் பிழிந்த சாற்றை வேறு முயல்களின் சிரையில் செலுத்தி அழுத்தம் ஏறுவதைப் பதிவுசெய்தார்கள். சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியின் சாறுதான் வேலை செய்தது. அதிலுள்ள பொருளுக்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934இல் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி, நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். போதிய இரத்தம் கிடைக்காத சிறுநீரகம் எதையோ இரத்தத்தில் கலக்கிறது என்பது உறுதியானது. அர்ஜென்டினாவில் பிரவுன் மெனெண்டஸ் குழுவும், அமெரிக்காவில் இர்வைன் பேஜ் குழுவும் ஒரே காலத்தில், தனித்தனியே அந்தப் பொருளைப் பிடித்தன. ஒரு குழு 'ஹைப்பர்டென்சின்' என்றது, மற்றது 'ஆஞ்சியோடோனின்' என்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரு பெயரும் ஓடி, 1958இல் இரண்டையும் வெட்டி ஒட்டி 'ஆஞ்சியோடென்சின்' ஆக்கினார்கள். இரத்தக் குழாயை இறுக்கும் பொருள் என்ற கருத்து அந்தப் பெயரிலேயே பதிந்துவிட்டது. பிற்காலச் சிந்தனையை இந்தப் பெயர் கொஞ்சம் தடம் மாற்றியது என்றே நினைக்கிறேன்.

ரெனின் தானாக எந்தக் குழாயையும் இறுக்குவதில்லை. அது ஒரு நொதி, ஒரு கத்தரிக்கோல். கல்லீரல் சுரந்து இரத்தத்தில் மிதக்கவிடும் ஆஞ்சியோடென்சினோஜென் என்ற நீண்ட புரதத்தின் நுனியிலிருந்து பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை அது வெட்டுகிறது. நுரையீரலின் இரத்தக் குழாய்களில் நிறைந்திருக்கும் மாற்றும் நொதி அதிலிருந்து மேலும் இரண்டைக் கழிக்கிறது. எஞ்சும் எட்டு அமினோ அமிலத் துண்டே ஆஞ்சியோடென்சின் 2. அது தமனிகளைச் சில நொடிகளில் இறுக்குகிறது என்பது உண்மை. அதைவிட முக்கியமான வேலைகள் மெதுவாக நடப்பவை. சிறுநீரக நுண்குழல்களிடம் சோடியத்தை இழுத்து வைக்கச் சொல்கிறது. சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கிறது. அந்த ஹார்மோன் நுண்குழலின் கடைசிப் பகுதிக்குப் போய் மிச்சச் சோடியத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆஞ்சியோடென்சின் 2 மூளையில் தாகத்தையும் கிளப்புகிறது. சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனையும் அங்கிருந்து வெளியேற்றுகிறது. இந்த வேலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். குழாயை இறுக்குவது ஒன்று. மற்றவையெல்லாம் உப்பையும் நீரையும் உடலுக்குள் நிறுத்துவதற்கானவை.

ரெனினை எப்போது வெளியிடுவது என்று தீர்மானிக்கும் இடத்தின் அமைப்பும் இதையே சொல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டும் அலகுகள் உண்டு, நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் குழலும் கீழே இறங்கி, வளைந்து, மேலேறி, தான் புறப்பட்ட அதே வடிகட்டியின் வாசலுக்குத் திரும்பி வந்து, உள்ளே வரும் சிறு தமனியை உரசிக்கொண்டு போகிறது. உரசும் இடத்தில் குழலின் சுவரில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் இருக்கின்றன: மாக்குலா டென்சா. அவை, தம்மைக் கடந்து போகும் திரவத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சுவைத்துக்கொண்டே இருக்கின்றன. உப்பு குறைந்தால், புராஸ்டகிளாண்டின் வழியாகப் பக்கத்துத் தமனிச் சுவரிலுள்ள செல்களுக்குச் செய்தி போகிறது. அங்கே சேமித்து வைத்த ரெனின் வெளியாகிறது. தமனிக்குள் அழுத்தம் குறைந்தாலும், சிறுநீரகத்துக்கு வரும் பரிவு நரம்புகள் தூண்டினாலும் ரெனின் வெளியாகும். அழுத்தத்தைக் காக்க மட்டும் என்றால் தமனிக்குள் ஓர் உணர்வி போதும். அப்படியிருக்க, சிறுநீராக மாறிக்கொண்டிருக்கும் திரவத்தின் உப்பை அறிய, குழலையே வீட்டு வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் இந்த ஏற்பாடு ஏன்? உப்பு இழப்பே இந்த அமைப்பின் முதல் கவலை என்று கொண்டால்தான் அது பொருள்படுகிறது.

அந்தக் கவலையின் அளவும் சாதாரணமானதில்லை. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதோடு வெளியே வரும் உப்பைக் கூட்டினால் ஒன்றரை கிலோவைத் தொடும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் மீட்டெடுத்தாக வேண்டும். மீட்பில் ஒரு விழுக்காடு தவறினாலே ஒரு நாளில் பதினைந்து கிராம் உப்பு போய்விடும். கடலை விட்டு நிலத்துக்கு வந்த உயிர்களுக்கு, தாவர உணவில் சோடியம் அரிது. நம் முன்னோர்கள் மிகப் பெரும்பாலான காலம் இப்படியே வாழ்ந்தார்கள். பிரேசில், வெனிசுவேலா எல்லைக் காடுகளில் உப்பே சேர்க்காமல் உண்டு வாழ்ந்த யனோமாமி மக்களை 1970களில் ஆராய்ந்தபோது, அவர்கள் ஒரு நாளில் சிறுநீரில் இழக்கும் உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. அவர்களுடைய இரத்தத்தில் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் மிக அதிகம். ஆனால் இரத்த அழுத்தம் மிகக் குறைவு; வயதோடு அது ஏறவும் இல்லை. ரெனின் அழுத்தத்தை ஏற்றும் பொருள் என்ற எளிய கணக்குப்படி இவர்களெல்லாம் பக்கவாதத்துக்கு ஆளாகியிருக்க வேண்டும். உப்பு இல்லாத உடலில், எவ்வளவு ரெனின் சுரந்தாலும் அது இருப்பதைத் தக்கவைக்க மட்டுமே போதுகிறது.

மரபணு ஆய்வுகள் இதே உண்மையை எதிர்த் திசையிலிருந்து காட்டின. 1990களில் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லிஃப்டனும் அவருடைய குழுவினரும், ஒரே ஒரு மரபணுவின் பிழையால் அழுத்தம் மிக உயர்ந்த, அல்லது மிகத் தாழ்ந்த குடும்பங்களைத் தேடிப் பிடித்தார்கள். கண்டறிந்த பிழைகள் ஏறக்குறைய எல்லாமே, சிறுநீரகம் உப்பைக் கையாளும் பாதையில் போய் நின்றன. லிடில் நோய் ஒன்றே போதும். அதில் நுண்குழலின் கடைசிப் பகுதியிலுள்ள சோடியம் வாயில்கள் மூடப்படாமல் திறந்தே கிடக்கின்றன. உப்பு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அழுத்தம் இளம் வயதிலேயே ஏறுகிறது. ஆனால் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். உப்பு நிறைந்துவிட்டதால் காவலருக்கு வேலையில்லை. இந்த நோய் முதலில் விவரிக்கப்பட்ட நோயாளிக்கு 1989இல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் கோளாறு நீங்கியது. கிட்டெல்மன், பார்ட்டர் நோய்களில் நிலைமை நேர்மாறு: உப்பு ஒழுகுகிறது, ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் உச்சத்தில் நிற்கின்றன, அழுத்தம் தாழ்ந்தே இருக்கிறது. ஹார்மோனின் அளவைப் பார்த்து அழுத்தத்தைச் சொல்ல முடியாது. உப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் சொல்லிவிடலாம்.

உப்பு கூடினால் அழுத்தம் ஏன் ஏற வேண்டும்? மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஆர்தர் கைட்டன் வாழ்நாளெல்லாம் துரத்திய கேள்வி இது. அவருடைய விடை எளிமையானது; இன்றுவரை யாராலும் முழுதாக அசைக்க முடியாதது. தமனி அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் அதிக உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது, இறங்கினால் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே ஒருவர் தின்னும் உப்பும் வெளியேற்றும் உப்பும் சமமாகும் வரை அழுத்தம் ஏறியோ இறங்கியோ தீரும். வேறு எந்த உறுப்பு என்ன செய்தாலும், நாட்கணக்கில் பார்த்தால் இந்தச் சமன்பாடே வெல்லும். ஹார்மோன்கள் செய்வது, அந்தச் சமநிலை எந்த அழுத்தத்தில் அமைய வேண்டும் என்று கோட்டை நகர்த்துவது. ஆல்டோஸ்டீரோனைத் தொடர்ந்து செலுத்தினால் முதல் சில நாட்கள் உடலில் உப்பு சேர்கிறது. பிறகு திடீரென்று சிறுநீரகம் பிடியைத் தளர்த்தி, தின்ற அளவு உப்பை வெளியேற்றத் தொடங்குகிறது. ஹார்மோனிலிருந்து தப்பிவிட்டதாக இதைச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தப்பித்தல், உயர்ந்துவிட்ட அழுத்தத்தில்தான் நிகழ்கிறது. கைட்டனோடு பணியாற்றிய ஜான் ஹாலும் அவருடைய குழுவினரும் இதை நாய்களில் கூர்மையாகச் சோதித்தார்கள். உடலின் மற்ற பகுதிகளில் அழுத்தம் ஏறினாலும் சிறுநீரகத் தமனிக்குள் மட்டும் ஏறாதபடி ஒரு கருவியால் கட்டுப்படுத்திவிட்டு ஆல்டோஸ்டீரோனைச் செலுத்தினார்கள். இந்த முறை தப்பித்தல் நடக்கவில்லை. உப்பு நாளுக்கு நாள் சேர்ந்து உடல் வீங்கியது. கருவியை எடுத்துச் சிறுநீரகத்தை உயர்ந்த அழுத்தம் தொட்டதும் உப்பு வெளியேறியது. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் கட்டளைக்கு நடுவே உப்பை வெளியேற்ற உடலிடம் இருந்த வழி அந்த அழுத்தம்தான். அதைத்தான் விலை என்று சொன்னேன்.

இதற்கு எதிராக எழும் முதல் கேள்வி நியாயமானது. அழுத்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ரெனின் அதிகமில்லையே? ஜான் லாரா குழுவினர் 1970களில் நோயாளிகளை ரெனின் அளவுப்படி பிரித்தபோது, உயர்ந்தவர்கள் சிலரே; இயல்பாக இருந்தவர்களே அதிகம், தாழ்ந்தவர்களும் கணிசம். சிறுநீரக ஹார்மோன்கள் காரணம் என்றால் இது எப்படிப் பொருந்தும்? தாழ்ந்த ரெனின் உள்ளவர்கள் இந்த வாதத்துக்குச் சாட்சியாகவே வருகிறார்கள். உப்பு நிறைந்த உடலில் ரெனின் தாழ்வது எதிர்பார்க்க வேண்டியதே. இயல்பான ரெனின் உள்ளவர்களிடம்தான் நாம் ஏமாறுகிறோம். அழுத்தம் 160இல் இருக்கும்போது ஆரோக்கியமான சிறுநீரகம் ரெனினை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். அந்த அழுத்தத்தில் ரெனின் 'இயல்பாக' இருப்பது, மழை கொட்டும்போதும் வயலுக்கு இறைப்பு மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதைப் போன்றது. மேலும், இரத்தத்தில் அளப்பது ஒன்று, சிறுநீரகத்துக்குள் நடப்பது வேறு. ஆஞ்சியோடென்சினைச் சிறுநீரகம் தனக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளவும் செய்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் குரோலி, தாமஸ் காஃப்மன் குழு 2006இல், ஆஞ்சியோடென்சினை ஏற்கும் வாங்கிகள் சிறுநீரகத்தில் மட்டும் உள்ள எலிகளையும், சிறுநீரகத்தைத் தவிர மற்ற இடங்களில் மட்டும் உள்ள எலிகளையும் சிறுநீரக மாற்றத்தால் உருவாக்கியது. இரண்டுக்கும் ஆஞ்சியோடென்சினைத் தொடர்ந்து செலுத்தியபோது, நீடித்த உயர் அழுத்தமும் இதயத் தடிப்பும் சிறுநீரகத்தில் வாங்கி இருந்த எலிகளுக்கே வந்தன. தமனிகளில் வாங்கிகள் முழுதாக இருந்தும் சிறுநீரகத்தில் இல்லாதவை தப்பின.

இன்னொரு கேள்வி நரம்புகளைப் பற்றியது. மன அழுத்தம், பரிவு நரம்புகளின் மிகைச் செயல், தமனிகளின் விறைப்பு ஆகியவற்றையெல்லாம் ஒதுக்கிவிட முடியுமா? முடியாது, ஒதுக்கவும் வேண்டியதில்லை. பரிவு நரம்புகள் சிறுநீரகத்துக்குள் புகுந்து ரெனினை வெளியேற்றுகின்றன, உப்பை நிறுத்தவும் செய்கின்றன. நரம்பின் நீண்டகால விளைவு பெரும்பகுதி இந்த வாசல் வழியாகவே வருகிறது. சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளை வெப்பத்தால் பொசுக்கும் சிகிச்சை, 2014இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய சோதனையில் தோற்றது. பின்னர் கருவியையும் முறையையும் திருத்திச் செய்த சோதனைகளில், மிதமாக என்றாலும் தெளிவாக அழுத்தம் குறைந்தது. அமெரிக்க அரசு 2023இல் அதற்கு அனுமதியும் அளித்தது. ஆனால் முதியவர்களில் பெருந்தமனி விறைத்துப்போய் மேல் அளவு மட்டும் ஏறுவதைச் சிறுநீரகத்தின் கணக்கில் முழுதும் எழுத முடியாது. அது குழாயின் நோய். அங்கே என் வாதத்துக்கு எல்லை உண்டு. சோடியம் தோலுக்கடியில் நீரில்லாமலே சேமிக்கப்படுகிறது என்று ஜெர்மனியில் யென்ஸ் டிட்சே குழு கண்டதும் பழைய படத்தைச் சிக்கலாக்கியது. உப்பு உள்ளே வந்ததும் இரத்தத்தின் அளவு கூடுகிறது என்ற நேர்கோடு இனி போதாது. இருந்தும், சேமித்த உப்பு வெளியேற வேண்டிய முக்கிய வழி சிறுநீரகமே.

உப்பைத் தள்ளச் சொல்லும் ஹார்மோன்களும் உண்டு. இதய மேலறைகள் விரியும்போது சுரக்கும் ஒன்றை 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்ட் கண்டுபிடித்தார். ரெனினுக்குச் செய்தி கொண்டுபோகும் சிறுநீரகத்தின் புராஸ்டகிளாண்டின்களே, இன்னொரு பக்கம் உப்பை வெளியேற்றவும் உதவுகின்றன. மூட்டுவலிக்கென்று சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் அந்தப் புராஸ்டகிளாண்டின்களையே முடக்குகின்றன. பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்கவில்லை என்று வருபவர்களிடம் வலி மாத்திரை போடுகிறீர்களா என்பதே மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மருந்துகளின் வரலாற்றிலும் இதே பாடம் மறைந்திருக்கிறது. பிரேசிலின் ஜராராகா என்னும் குழிவிரியனின் நஞ்சில், பிராடிகைனின் என்ற பொருளின் செயலைக் கூட்டும் ஒன்று இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரைரா கண்டார். அது ஆஞ்சியோடென்சினை உருவாக்கும் மாற்றும் நொதியையும் அடக்குவது பின்னால் தெரிந்தது. அந்த வழியில் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் வடிவமைத்த காப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தருவதற்கும், சிதையாமல் தேங்கும் பிராடிகைனினுக்கும் தொடர்பு உண்டு. நம் ஊர்களில் இன்று பரவலாக எழுதப்படும் டெல்மிசார்டான், லோசார்டான் வகை அந்த நொதியை விட்டுவிட்டு வாங்கியையே அடைப்பதால் இருமல் அரிது. இரு வகையும் அழுத்தத்தைக் குறைப்பதோடு, நீரிழிவால் பழுதாகும் சிறுநீரகத்தையும் காக்கின்றன. ஒன்று நல்லது என்றால் இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதாகத்தானே இருக்கும்? 2008இல் வெளியான ஆன்டார்கெட் சோதனை இந்த ஆசைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு இதயப் பாதுகாப்பு கூடவில்லை. சிறுநீரகப் பழுதும் பொட்டாசிய ஏற்றமும் தலைசுற்றலும் கூடின. காவலரை முழுதாக முடக்கினால், நீர் வற்றும் நேரத்தில் வடிகட்டியைக் காக்க ஆளில்லை. மாறாக, உப்பைக் குறைப்பதும் உப்பை வெளியேற்றும் மாத்திரையைச் சேர்ப்பதும் இதே மருந்துகளின் பலனைக் கூட்டுகின்றன. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டில் நிற்கும்வரை ரெனின் தாழ்ந்தே கிடக்கும். அடைக்க வேண்டிய ஹார்மோனே குறைவாக இருக்கும் உடலில், அதை அடைக்கும் மாத்திரை எதைச் செய்யும்? உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள். சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதிலேயே பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை போடுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறக் கூடாது.

மூன்று மாத்திரைகளுக்கும் அடங்காத அழுத்தத்துக்கு நான்காவதாக எதைக் கொடுப்பது என்று பிரிட்டனில் ஒரு சோதனை நடந்தது; 2015இல் வெளியான அதன் முடிவில், ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மற்ற மருந்துகளைத் தெளிவாக வென்றது. அடங்காத அழுத்தம் பலரிடமும் அடங்காத உப்புப் பிடிப்பே என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. அட்ரினல் சுரப்பி தன்னிச்சையாக ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கும் நோயை ஜெரோம் கான் 1955இலேயே விவரித்தார். அரிது என்று வெகுகாலம் பாடப்புத்தகங்களில் ஒதுக்கப்பட்ட அந்த நோய், தேடத் தேடப் பெருகிவருகிறது. ரெனினையும் ஆல்டோஸ்டீரோனையும் ஒரே இரத்த மாதிரியில் அளந்து விகிதம் பார்த்தால் அது பிடிபடும். ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2024 வழிகாட்டி, உயர் அழுத்தம் உறுதியான வயதுவந்தோர் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிசீலிக்க வேண்டும் என்கிறது. நம் பகுதியில் பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்தச் சீட்டு எழுதப்படுவதே இல்லை. செலவு ஒரு காரணம், பழக்கம் இன்னொரு காரணம். ஒரு சுரப்பியில் சிறு கட்டி இருக்கும் நோயாளி அதை அகற்றிக் குணமாகலாம். மற்றவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் விலை மலிந்த மாத்திரை. இளம் வயதில் அழுத்தம் ஏறியவர்களுக்கும், பொட்டாசியம் தாழ்ந்தவர்களுக்கும், மூன்று மாத்திரை போட்டும் 150க்குக் கீழே இறங்காதவர்களுக்குமாவது இந்த ஒரு பரிசோதனையை மாவட்ட மருத்துவமனைகளில் செய்ய வழி இருக்க வேண்டும்.